ஐந்து மணி ஆஜர்

மார்ச் 3

கொசுவுக்கு,

உன் மூன்று கடிதங்களும் வந்தன. படித்தேன். பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எழுதுவதும் உனக்காக இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நம் விசிலின் அப்பா நான் வேலை செய்யும் கடைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை. பயிற்சி முகாமிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பியபின் கிடைத்த வேலை இதுதான். பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறேன். சாயங்காலத்துக்குள் புருவமெல்லாம் வெள்ளையாகிவிடும். என்னைத் தேடி ஒருத்தர் வந்திருக்கிறார் என்றார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் அவர் நிற்கிறார். போன வருஷம் பார்த்த ஆளில் பாதிதான் இருந்தார். பிரேமில் திருகு கழன்றுவிட்டது என்று கண்ணாடியை நீட்டினார். திருகு நன்றாகத்தான் இருந்தது. ஒப்புக்கு ஒரு முறுக்கு முறுக்கிக் கொடுத்தேன்.

விசாரணை அறிக்கையைப் பத்துத் தடவை படித்தாராம். ஒன்று மட்டும் புரியவில்லையாம். பேர் கூப்பிடும்போது ஒருத்தி அங்கே இல்லை என்பது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டார். சொன்னேன். நாற்பது நாள் மீட்புப் பயிற்சியில் யாரும் தனக்குத் தானே ஆஜர் சொல்லக் கூடாது, மூன்று பேர் ஒரு குழு, ஒருத்திக்கு இன்னொருத்திதான் பதில் சொல்ல வேண்டும். விசிலுக்கு நான், உனக்கு விசில், எனக்கு நீ. கூட இருப்பவள் எங்கே என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக வைத்த வழக்கம் அது. விசில் இல்லாதபோது நான்தான் "இருக்கா" என்று சொன்னேன், அவள் உனக்குச் சொல்ல வேண்டியதையும் நான்தான் குரலை மாற்றிச் சொன்னேன் என்றேன். விசாரணையில் சொன்ன அதே பொய். இரண்டாவது குரல் யாருடையது என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

அவர் கோபப்படவில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம்தான் வந்த விஷயத்தைக் கேட்டார்.

"அவ மருந்து எங்கேம்மா போச்சு? கையில இல்ல, பையில இல்ல, அந்த பம்பு ரூம்லயும் இல்லன்னு எழுதியிருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பம்பு அறையில் செங்கல்லுக்குப் பின்னால் நாம் ஒளித்து வைத்த இன்ஹேலரை அவள் எடுத்து அடித்திருப்பாள், அது போதாமல் போயிருக்கும் என்றே இந்த ஒரு வருஷமாக நினைத்திருந்தேன். அந்த அறிக்கையை நான் படித்ததே இல்லை. படிக்கத் தைரியம் வரவில்லை.

அது எங்கே போனது என்று உனக்குத் தெரியுமா? ஒரு வரி எழுது, போதும்.

ஒட்டகம்


மார்ச் 11

என் ஒட்டகமே,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் ஃபயர் ஸ்டேஷன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் டிரைவர் அண்ணன், யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடியே வந்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை அண்ணா, ஒரு கல் நெஞ்சு கரைந்திருக்கிறது என்றேன்.

இங்கே எல்லாம் சௌக்கியம். ஷிஃப்டில் பதினொரு பேர், பெண் நான் ஒருத்திதான். காலையில் தண்ணீர்க் குழாய்களைக் கழுவிக் கோபுரத்தில் காயத் தொங்கவிட வேண்டும். நனைந்த குழாய் என்ன கனம் கனக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூட்ஸ் எல்லாம் வாசலைப் பார்த்தபடி வரிசையாக இருக்கும், பேண்ட்டை அதன் மேலேயே சுருட்டி வைத்திருப்போம், மணி அடித்தால் கால்களை விட்டு மேலே இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். போன வாரம் ஒரு வீட்டுக் கேட்டுக் கம்பியில் தலையை விட்டு மாட்டிக்கொண்ட ஆளை மீட்டோம். குழந்தை என்று நினைத்துவிடாதே. ஐம்பது வயது மாமா. நாய்க்குட்டி உள்ளே போகும்போது நான் போகக் கூடாதா என்று பார்த்தாராம். காதில் சோப்பு தடவி நான்தான் வெளியே எடுத்தேன். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

நம் முகாமை நினைக்காத நாளே இல்லை. முதல் நாள் நீ ஒரு குடம் தண்ணீரையும் தனியாகக் குடித்துத் தீர்த்தாயே, அதிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் நினைத்துப் பார்ப்பேன்.

மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு என்னடி தெரியும்? அவள் எடுத்துக்கொண்டு வரும் வழியில் புல்லில் எங்காவது விழுந்திருக்கும். பாவம், அந்த மனுஷர். பழசைக் கிளறிக் கிளறி அவர் உடம்பு என்னத்துக்கு ஆகும்? நீதான் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

உன்னை ஒரு நாள் பார்க்க வரட்டுமா?

உன் கொசு


மார்ச் 19

கொசுவுக்கு,

பம்பு அறையைச் சுற்றிப் புல் கிடையாது. நாலு பக்கமும் சிமெண்டுத் தரை. வாரத்துக்கு இரண்டு நாள் நீயும் நானும்தான் தேய்த்துக் கழுவினோம். கேட்டுக் கம்பி மாமாவுக்கு ஒரு பத்தி எழுதத் தெரிந்த உனக்கு, நான் கேட்ட கேள்விக்கு வாயில் வந்ததைத்தான் எழுத முடிந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு இப்போது என்னென்னவோ தோன்றுகிறது.

ஆறுதல் சொல்லச் சொல்கிறாய். அவர் நேற்று மறுபடியும் வந்தார். கடை முதலாளி அம்மா அவருக்கு நாற்காலி போட்டு, என்னையும் அரை மணி நேரம் விட்டார். அந்த அரை மணி நேரத்தில் அவர் சொன்னதை உனக்கு எழுதுகிறேன். படி.

விசில் முகாமுக்குக் கிளம்பிய அன்று புது இன்ஹேலர் வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருந்தாராம். பஸ் டிப்போவில் டியூட்டி முடிந்து வருவதற்குள் மருந்துக் கடை சாத்திவிட்டது. பழையதில் இன்னும் இருக்கும், அதையே கொண்டு போ என்று அனுப்பிவிட்டாராம்.

"காலியானதைக் குடுத்து அனுப்பிட்டேன்மா. அழுத்திப் பார்த்திருப்பா, வரலைன்னதும் எங்கேயோ தூக்கி எறிஞ்சிருப்பா. எம்பொண்ணை நான்தான் கொன்னேன்."

என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. பிரேம்கள் மாட்டியிருக்கும் சுவரைப் பார்த்துச் சொன்னார். இப்போது அவர் பஸ் ஓட்டுவதில்லை. ஸ்டீயரிங்கைத் தொட்டால் கை நடுங்குகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

மறைத்தது நாம் மூன்று பேரும்தான். மூச்சுத் தொந்தரவு உண்டா என்று படிவத்தில் கேட்ட இடத்தில் அவள் இல்லை என்று எழுதினாள். முதல் ராத்திரியே அவள் நெஞ்சுச் சத்தம் நமக்குக் கேட்டுவிட்டது. காட்டிக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவள் கட்டிலை நடுவில் போட்டு, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ என்று படுத்தோம். அந்தச் சத்தத்தை வைத்தே அவளுக்கு விசில் என்று பேரும் வைத்தோம். ஸ்ட்ரெச்சர் பயிற்சியில் எடை குறைவு என்று எப்போதும் அவளைத்தான் நோயாளி ஆக்குவார்கள். படுத்துக்கொண்டே, "பேஷன்ட் பேசறேன், இடது பக்கம் பள்ளம், பார்த்துப் போங்க" என்பாள். நாம் சிரித்துச் சிரித்து அவளைக் கீழே போட்டிருக்கிறோம். சனிக்கிழமைப் பை சோதனைக்குப் பயந்து மருந்தைக் கொண்டுபோய்ச் செங்கல்லுக்குப் பின்னால் வைத்ததும் நாம் மூவரும் சேர்ந்து போட்ட திட்டம். நட்பு என்று நினைத்துத்தான் அத்தனையும் செய்தோம். அதில் என் பங்கை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

உன் பங்கு என்ன? அதைச் சொல்.

ஒட்டகம்


ஏப்ரல் 2

ஒட்டகத்துக்கு,

நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும். அதனால் நிறுத்தாமல் எழுதுகிறேன்.

மருந்து என்னிடம் இருந்தது. இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.

அன்று காலையில் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆட்கள் வருகிறார்கள், பம்பு அறையைக் காலி செய்யுங்கள் என்று கேப்டன் மேடம் சொன்னார்கள் இல்லையா, எனக்குத் தண்ணீர் டியூட்டி, போய்ச் செங்கல்லைத் தள்ளி இன்ஹேலரை எடுத்து என் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவள் நல்லதுக்குத்தான் எடுத்தேன். அது மட்டும் சத்தியம். எட்டு மணிக்கே சொல்லியிருக்கலாம், நீங்கள் இரண்டு பேரும் சமையல் பக்கம் இருந்தீர்கள். பதினொரு மணிக்குக் கயிற்று ஏணியில் என் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கினேனே, நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க விசில்தான் முதலில் கத்தினாள், கொசு வலையில் மாட்டிக்கொண்டது என்று. சாப்பாடு வரைக்கும் எல்லாரும் அதையே சொன்னார்கள். உனக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டில் உருப்படாதவள் என்று பேர் வாங்கிக்கொண்டு அங்கே வந்தவள் நான். சாப்பிடும்போது அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். நான் பேசவில்லை.

அப்போது மருந்து என் தொடையில் இடித்துக்கொண்டிருந்தது, ஒட்டகம். நான் மறக்கவில்லை. சொல்லவில்லை.

நாலரைக்குப் புகை போட்டுப் பழக்கும் அறையிலிருந்து வெளியே வந்ததும் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஐந்து விரலைக் காட்டினாள், ஐந்து நிமிஷம் என்று. உனக்குக் காட்டினாள், எனக்கும் காட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போய்த் தேடட்டும், கிடைக்காமல் என்னிடம் வந்து கேட்கட்டும், அப்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான். கேட்டால் கொடுத்திருப்பேன். அவள் திரும்பி நடந்து வருவாள் என்றே நினைத்தேன்.

ஐந்து மணிக்கு ஆஜர் எடுக்கும்போது அவள் வரவில்லை. ஏற்கெனவே நம் குழுவுக்கு இரண்டு கரும்புள்ளி, மூன்றாவது விழுந்தால் மூன்று பேரும் வீட்டுக்கு. நீ அவளுக்கு "இருக்கா" என்றாய். என் பேர் வந்ததும், அவள் குரலில், எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்துக் குழு கொல்லென்று சிரித்தது. நன்றாகத்தான் வந்திருந்தது அந்தக் குரல். கேப்டன் மேடத்துக்குத் தெரியவே இல்லை.

அப்புறம் உன்னை அடுப்படிக்கு அனுப்பினார்கள், என்னைக் கயிறு அறைக்கு. அவள் உன்னோடு இருக்கிறாள் என்று நானும், என்னோடு இருக்கிறாள் என்று நீயும் நினைத்துக்கொண்டோம். ஏழு மணிக்கு வேர்வை துடைக்கக் கைக்குட்டை எடுக்கப் பாக்கெட்டில் கையை விட்டேன். கையில் அது வந்தது. ஓடினேன். மீதி உனக்குத் தெரியும். பம்பு அறையில் ஐந்தாறு செங்கல் பெயர்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தேடியிருக்கிறாள்.

விசாரணையில் நீ எழுந்து, இரண்டு குரலும் நான்தான், இரண்டு பேர் போவதைவிட ஒருத்தி போவது மேல் என்று எனக்காகப் பழியை ஏற்றபோது இன்ஹேலர் என் பூட்ஸுக்குள் இருந்தது. கணுக்காலில் குத்திக்கொண்டே இருந்தது. வாயைத் திறக்கவில்லை. நீ வீட்டுக்குப் போனாய். எனக்கு வேலைக்குச் சிபாரிசு கிடைத்தது. இந்த உடுப்பு உன் உடுப்பு. தினமும் பித்தான் போடும்போது தெரிகிறது.

அது காலி இல்லை. ஆட்டினால் உள்ளே சலசலக்கிறது. அவரிடம் சொல்லிவிடு. நீயே சொல்லிவிடு, உன் காலில் விழுகிறேன்.

கொசு


ஏப்ரல் 6

படித்தேன்.

என் தோளில் சாய்ந்து அன்று ராத்திரி முழுக்க அழுதாயே, அப்போதும் அது உன் பூட்ஸுக்குள் இருந்ததா?

நான் சொல்ல மாட்டேன். உனக்குப் பதிலாக நான் ஒரு தடவை பேசியாகிவிட்டது. அவர் முகவரியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மருந்துக் கடைக்கு மேல் மாடி, பச்சைக் கதவு. நீ போகிறவரைக்கும் அந்த மனுஷர் தான்தான் மகளைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு எழுந்திருப்பார், அதையே நினைத்துக்கொண்டு படுப்பார். நாளை எண்ணிக்கொள்.

இனி எழுதாதே. போய்விட்டு வந்தால் மட்டும் எழுது.


ஏப்ரல் 27

ஒட்டகத்துக்கு,

போய்விட்டு வந்தேன்.

இரண்டு தடவை மருந்துக் கடை வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை மாடி ஏறிவிட்டேன். எரிகிற கட்டிடத்தில் ஏறியிருக்கிறேன், அப்போதுகூட அந்தப் பதினெட்டுப் படிக்குப் பயந்த மாதிரி பயந்ததில்லை. கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார். அவருடைய டிரைவர் சட்டை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தது. தோளில் தூசி படிந்திருந்தது.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துபோனது. இன்ஹேலரை மேஜைமேல் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் அதைத் தொடவே இல்லை. பிறகு எடுத்தார், காதருகே வைத்து ஆட்டினார், ஜன்னல் பக்கம் திருப்பி அழுத்தினார். புஸ்ஸென்று வெளிச்சத்தில் புகை மாதிரி வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி. வந்துகொண்டே இருந்தது.

"இருக்கே. இதுல மருந்து இருக்கே" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த அழுகை. அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, ஒட்டகம். அதைப் பார்ப்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அழுது முடித்தபின்தான் என்னைப் பார்த்தார். இது உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஏணி, சிரிப்பு, பாக்கெட், முகத்தைத் திருப்பியது, குரல். ஒன்றும் விடவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் வேறு எதையோ கேட்டார். அறிக்கையில் எல்லாரும் அவளை விசில், விசில் என்றே சொல்லியிருக்கிறார்களே, அது ஏன் என்று. அவள் ராத்திரி மூச்சுச் சத்தம்தான் என்றேன். கேலி பண்ணினீர்களா என்றார். ஆமாம் என்றேன்.

"வீட்ல அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கவே மாட்டோம். அவ மனசு கஷ்டப்படும்னு. முகாம்லேர்ந்து போன் பண்ணப்போ, அப்பா எனக்கு ஒரு பட்டப்பேர் கிடைச்சிருக்குன்னு அவ்ளோ சந்தோஷமா சொன்னா. என்ன பேருன்னு மட்டும் சொல்லல." மருந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வர்றதில்ல" என்றார்.

அப்புறம் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். வந்து சொன்னாயே, சரி, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றார். மருந்தை அவரே வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஸ்டேஷன் அதிகாரியிடம் சொன்னேன். முகாமுக்கும் எழுதிக் கொடுத்தேன், இரண்டாவது குரல் என்னுடையது, மருந்தை வைத்திருந்ததும் நான்தான் என்று. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். உடுப்பைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பூட்ஸ் வரிசையில் என் இடத்தில் வேறு யாரோ தங்களுடையதை வைத்துவிட்டார்கள். வீட்டில் அம்மா பேசவில்லை.

உன்னிடம் எதுவும் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கவில்லை. போய்விட்டு வந்தால் எழுதச் சொன்னாய், எழுதினேன்.

கொசு


மே 15

கொசுவுக்கு,

முகாமிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாமாம். போவேனா என்று தெரியவில்லை. என்ன இருந்தாலும் முதல் குரல் என்னுடையதுதானே. அதை நீ எழுதிக் கொடுத்துத் துடைத்துவிட முடியாது.

விசிலின் அப்பா திங்கட்கிழமை கடைக்கு வந்தார். டிப்போவில் பகல் ஷிஃப்டு கேட்டு வாங்கியிருக்கிறாராம். கை இன்னும் லேசாக நடுங்குகிறது, ஆனால் டிரைவர் சட்டை போட்டிருந்தார். இந்தத் தடவை கண்ணாடியில் திருகு நிஜமாகவே கழன்றிருந்தது. உன்னைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. நல்லது. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் எழுதியிருப்பேன். அந்தப் பெயர்ந்த செங்கற்களை நினைத்தால் உன் கடிதத்தை இன்னும் கிழித்துப் போடத்தான் தோன்றுகிறது. உன்னைப் பார்க்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முகாம் முடிந்து ஊருக்குப் போனாலும் ஐந்து மணிக்கு எங்கே இருந்தாலும் ஆஜர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விசில் நம்மிடம் சத்தியம் வாங்கினாளே, நினைவிருக்கிறதா? நான் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஐந்து மணிக்கு லென்ஸ் மெஷினை நிறுத்துவேன். சத்தம் அடங்கியதும் மனதுக்குள் விசில் பேரைக் கூப்பிடுவேன். பதில் சொல்ல வேண்டியவள் நான். ஒரு வருஷமாக, தினமும், "இல்லை" என்று சொல்கிறேன். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில். அதோடு முடித்துக்கொண்டு மெஷினைத் துடைக்கப் போய்விடுவேன். உன் பேரை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

நேற்று கூப்பிட்டேன். உனக்குப் பதில் சொல்ல வேண்டியவள் விசில். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வேறு யாருடைய குரலையும் போடாமல், என் குரலிலேயே, வாய்விட்டுச் சொன்னேன்.

"இருக்கா."

ஒட்டகம்